பெட்டிக்குள் நாலு பேர்

கோட்டைச்சாமியின் தோள் பட்டு மாப்பிள்ளை சீனிவாசகம் சேற்றில் உட்கார்ந்த அன்றைக்குத்தான், உதைபந்தாட்டம் அபாயமான விளையாட்டு என்பது எங்கள் வட்டாரத்துப் பெரியவர்களுக்குத் தெரிய வந்தது. அதற்கு முன்னாலும் ஆட்டத்தில் பலர் விழுந்திருக்கிறார்கள். தபால்காரர் ஒருவருக்கு முன்பற்கள் போய், அதன்பிறகு அவர் வாசலில் நின்று 'தந்தி' என்று கூப்பிட்டால் வீட்டுக்காரர்கள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சந்தைக் கணக்குப்பிள்ளைக்கு முழங்கால் சில்லு இடம் மாறியது. அதையெல்லாம் விளையாட்டு என்று தட்டிவிட்டுப் போனார்கள். சீனிவாசகம் விழுந்ததை அப்படி விட முடியாது. அவர் மாப்பிள்ளை.

யாருக்கு மாப்பிள்ளை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தாயில்பட்டி போகிற ரோட்டில் கொலுசு மார்க் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர் வெள்ளைத்துரை முதலாளி. அவருடைய ஒரே மகளை அந்த ஆவணியில்தான் சிவகாசி லித்தோ பிரஸ்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். வட்டார உதைபந்தாட்டக் கழகத்துக்கும் வெள்ளைத்துரைதான் தலைவர். கம்பெனி டீமும் அவருடையது. சீனிவாசகம் தம் வீட்டுப் பிரஸ் டீமுக்கு சென்டர் பார்வர்டு. ஆக, மாமனாருடைய ஆள், மாமனார் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு, மாமனார் கண் முன்னாலேயே மாப்பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துவிட்டான். பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்குப் பலகை போட்டு உட்கார வைப்பதுதான் முறை.

கோட்டைச்சாமி கம்பெனி டீமின் பேக், அதாவது தடுப்பாட்டக்காரன். பேருக்கு ஏற்ற ஆள்தான். வெறுங்காலோடு ஆடுவான். கோலுக்கு முன்னால் அவன் நின்றால் பந்து போகும், ஆள் போகாது. ஆள் போனால் பந்து போகாது. இரண்டும் சேர்ந்து போனதை நான் பார்த்ததில்லை. நான் அதே கம்பெனியில் பார்சல் குமாஸ்தா. ஆட்டமென்றால் கோல் கம்பத்துக்குப் பின்னால் குத்தவைத்துப் பார்க்கிறவன். அதனால் இந்த விவகாரத்தில் எனக்குக் கழகத்தின் மேல் கொஞ்சம் கடுப்பு உண்டு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலையாகச் சொல்வதாக இல்லை.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. டீமில் ஆடுகிற ஆளுக்கு லோடு வேலை: கோடவுனிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்ற வேண்டும். டீமில் இல்லாத ஆளுக்கு மருந்து அறை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, வெடிக்குள் செலுத்துவதும் மருந்து. முதலாவது உயிரைப் பிடித்து வைக்கும் என்று நம்புகிறோம். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கோட்டைச்சாமியின் பெண்சாதி செல்லத்தாய்க்கு மருந்து அறையில்தான் வேலை. வெள்ளி மருந்து படிந்து முழங்கை வரைக்கும் பளபளவென்று இருப்பாள். அவள் கையில் ஏறிய வெள்ளி அது ஒன்றுதான் என்று கோட்டைச்சாமி கேலி பண்ணுவான். அவள் சிரிக்க மாட்டாள்.

"இங்க பாருங்க," என்பாள். "டீமுல இருக்குற வரைக்கும் நீங்க லோடு. டீம விட்டா மருந்து ரூமு. நம்ம ரெண்டு பேரும் ஒரே ரூமுல இருக்கக் கூடாது. புள்ளைகளுக்கு ஒருத்தராவது வேணும். இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன், உங்க காலு ரெண்டும் நல்லா இருக்கணும்னு."

கால் நன்றாகத்தான் இருந்தது. தோளில் வந்தது வினை.

மாப்பிள்ளை விழுந்த மறுவாரம் கழகம் அவசரமாகக் கூடியது. முதலில் பெயர் விஷயம். 'உதைபந்தாட்டக் கழகம்' என்ற பெயரிலேயே உதை இருக்கிறது, பிறகு உதைக்காமல் என்ன செய்வார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உடனே 'தொடுபந்தாட்டக் கழகம்' என்று மாற்றினார்கள். தொட்டால் உராய்வு வருமே என்று இன்னொருவர் சொன்னார். வடையும் காப்பியும் வந்த பிறகு 'கால்பந்தாட்டக் கழகம்' என்று முடிவாயிற்று. கால் இருந்தால் போதும், அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை என்பது அனைவருக்கும் பிடித்திருந்தது.

பிறகு வெள்ளைத்துரை பேசினார். மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற குரல் அவருக்கு.

"நண்பர்களே, விளையாட்டு என்பது என்ன? இளைஞர்கள் கலந்து பழகுவது. பழகும்போது இடிக்கலாமா? என் கம்பெனியில் எத்தனையோ பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தர் இடித்தார் என்று இன்றுவரை புகார் இல்லை. இடிப்பதற்கு இடம் விட்டால்தானே இடிப்பார்கள்? மனித உயிருக்கு விலை கிடையாது. நான் அதை வாயால் மட்டும் சொல்கிறவன் அல்ல. என் கம்பெனியில் எந்த உயிருக்கும் நான் இதுவரை விலை கொடுத்ததில்லை."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. அபாய மோதல்களைத் தடுக்கிற விதிகளை எழுதும் பொறுப்பு செயலாளர் ராஜசிங்கிடம் வந்தது. ராஜசிங் எங்கள் கம்பெனி மானேஜர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வெள்ளை பேண்டில் ஒரு கறை விழ விடாதவர். உதைபந்து ஆடியதில்லை. ஆனால் அபாயத்தைப் பற்றி அவருக்கு வேதவசனம் மாதிரி ஒரு பாடம் மனப்பாடமாகத் தெரியும். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் சர்க்கார் உத்தரவுப்படி ஒரு தகரப் பலகை தொங்கும். அதுதான் அந்தப் பாடம். பலகை வந்த நாளிலிருந்து அறைக்குள் இருந்தவர்கள் அதைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் ஆபீசில் இருந்தார்கள்.

ராஜசிங் அந்தப் பலகையை எதிரே வைத்துக்கொண்டார். 'அறை' என்று வந்த இடத்தில் 'பெட்டி' என்று போட்டார். கோலுக்கு முன்னால் சுண்ணாம்பால் கோடு கிழித்திருக்கிறதே, அந்தப் பெட்டி. 'தொழிலாளி' என்ற இடத்தில் 'தடுப்பாட்டக்காரர்' என்று போட்டார். விதிகள் தயார்.

உராய்வு கூடாது. மோதல் கூடாது. இழுத்தல், தள்ளுதல், உருட்டுதல் கூடாது. ஓடக் கூடாது. ஆணி வைத்த செருப்பு கூடாது. பெட்டிக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது. பெட்டி வாசலில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும் இருக்க வேண்டும். உள்ளே நுழைகிறவர், உள்ளே இருப்பவர் திடுக்கிட்டுக் கை தவறாதபடி, வாசலில் நின்று மூன்று முறை குரல் கொடுத்துவிட்டு நுழைய வேண்டும்.

ரெப்ரி சேசுராஜ் மாஸ்டருக்குத்தான் இதில் சிரமம். மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், விசிலை ஊதியே கன்னம் உப்பிப்போன மனிதர்.

"சார், உருட்டக் கூடாதுன்னு போட்டிருக்கீக. பந்து உருளாம எப்படி சார்?"

"மருந்து டப்பாவ உருட்டுனா என்ன ஆகும் மாஸ்டர்?"

"வெடிக்கும்."

"ஏன்?"

"உள்ள அழுத்தி அடைச்சிருக்கு."

"பந்துக்குள்ள?"

"காத்து சார். அதையும் அழுத்தித்தான் அடைச்சிருக்கு."

"அப்புறம் என்ன?" என்றார் ராஜசிங்.

கமிட்டி தலையசைத்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பார்வர்டுகள் உருட்டலாம். தடுப்பாட்டக்காரர்கள் உருட்டாமல் தூக்கி அடிக்க வேண்டும், அதுவும் ஆளில்லாத திசையில். அப்படியே நாலு பேர் விதியிலும் ஒரு விளக்கம் எழுதப்பட்டது. பெட்டிக்குள் நாலு பேர் என்பது கோல்கீப்பரைச் சேர்த்துத் தடுப்பவர்களுக்கு மட்டும். எதிர்த்து வருகிற பார்வர்டுகள் வந்து போகிறவர்கள், அவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விதியை மூன்று தடவை மீறினால் ஆயுளுக்கும் ஆடக் கூடாது.

மறு வருஷம் போட்டி தொடங்குவதற்கு முன்னால் கம்பெனி முற்றத்தில் ஒரு வாரம் வகுப்பு நடந்தது. எல்லா டீம் பேக்குகளும் வந்து விதிகளைப் பாராமல் ஒப்பிக்க வேண்டும். பார்வர்டுக்குப் பதிலாக ஆபீஸ் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, மூன்று தடவை "வாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போக வேண்டும். கோட்டைச்சாமி முதல் நாள் வேகமாகப் போய் ஒரு நாற்காலியின் காலை உடைத்துவிட்டான். நாற்காலி பார்வர்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராஜசிங் மற்றவர்களுக்கு விளக்கினார். எல்லோரும் உடைந்த நாற்காலியை மரியாதையோடு பார்த்தார்கள்.

முதல் ஆட்டம் காரியாபட்டி டீமோடு. அவர்களுடைய சென்டர் பார்வர்டு சம்சாரி வீட்டுப் பிள்ளை, விவசாயக் குடும்பத்து நல்ல வளர்ப்பு. பந்தோடு வந்தான். கோட்டைச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாரேன்," என்றான். "வாரேன். வாரேன்."

விடைபெறுகிற மனிதரை மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று அந்தப் பையனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சரிண்ணே, போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவன் போய் கோல் போட்டான்.

அன்றைக்குக் கம்பெனி டீம் ஒன்பதுக்கு எட்டு என்று ஜெயித்தது. அந்த வருஷம் எல்லா ஆட்டமும் அப்படித்தான். பேக்குகள் சாவடியில் நிற்கிற தூண்களைப் போல நின்றார்கள். கோல்கீப்பர் பாவம், ஐப்பசி மழையில் ஒழுகுகிற வீட்டுக்காரன் மாதிரி எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஓடினான். கோல்கள் பெருகியிருப்பதே பாதுகாப்பு பெருகியதற்கு அடையாளம் என்று வெள்ளைத்துரை பரிசளிப்பு மேடைகளில் சொன்னார். "கதவு திறந்திருந்தால்தான் விருந்தாளி வருவான்," என்றார். பேக்காக ஆடிய ஒருவனும் அந்த மேடைகளில் ஏறவில்லை.

அப்புறம் பிரஸ் டீமோடு லீக் ஆட்டம் வந்தது. கோட்டைச்சாமி மாப்பிள்ளை இருக்கும் திசைக்கே போகவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவன் மேல் இரண்டு குற்றங்கள் வந்துவிட்டன. விசாரணையைக் கம்பெனி ஆபீசில் வைத்தார்கள். நான் பார்சல் ரசீது எழுதுகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே கோட்டை," என்று தொடங்கினார் ராஜசிங். "மாப்பிள்ளை கால்ல ஒரு நிழல் பட்டு, அவரு தடுமாறுனாரு. அந்த நிழல் யாருதுலே?"

"என்னுதுதான் சார்."

"அது எதுக்கு அங்கன போச்சு?"

"சாயங்கால வெயிலு சார். சூரியன் அந்தப் பக்கம் இருந்துச்சு, அதான் நிழலு இந்தப் பக்கம் விழுந்துச்சு."

"சூரியன் நம்ம கழகத்துல பதிஞ்ச ஆட்டக்காரர் இல்லலே. அவர விசாரிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. உன்னத்தான் விசாரிக்க முடியும். சரி, அடுத்தது. மாப்பிள்ளை ஓடி வரும்போது நீ அசையாம நின்னிருக்க. அவரு வந்து மோதிட்டாரு. எதுக்கு நின்ன?"

"நகந்தா உராய்வுன்னு நீங்கதான் சொன்னீக சார்."

"நின்னா மோதல்னும் சொன்னேம்ல?"

"அவரு கொஞ்சம் ஒதுங்கிப் போயிருக்கலாம்ல சார்."

அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வெள்ளைத்துரை நிமிர்ந்தார். "மாப்பிள்ளை எதுக்குப்பா ஒதுங்கணும்?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். ராஜசிங் பேனாவைத் திறந்தார்.

நிழலுக்கு ஒன்று, நின்றதற்கு ஒன்று என்று இரண்டு எச்சரிக்கை பதிவாயின. இன்னும் ஒன்று என்றால் ஆயுள் தடை. மத்தியானம் வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்கிறபோது கோட்டைச்சாமி இதைச் செல்லத்தாயிடம் சொன்னான். அவள் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

"எங்க ரூமு வாசல்ல நாலு பேருக்கு மேல கூடாதுன்னு பலகை தொங்குதாம்ல. நீங்க வகுப்புல ஒப்பிச்சதக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். எங்க ரூமுல இப்ப எம்புட்டுப் பேரு தெரியுமா? கால நீட்டி உக்கார எடமில்ல. ஊருக்குத்தான் உபதேசம்."

"அதெல்லாம் பேசாத, புள்ள."

"நான் பேசல. பைனல்ல நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கையக் கட்டிட்டு நில்லுங்க. மாப்பிள்ளை கோல் போட்டாப் போட்டுட்டுப் போறாரு. நீங்க டீமுல இருந்தாப் போதும்."

அவனும் சரியென்றான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதென்று முடிவு பண்ணின பேக்கை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

பைனல் புரட்டாசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கும்போது வந்தது. எதிரே அதே பிரஸ் டீம். அன்றைக்குக் காலையிலேயே வெடிமருந்து இன்ஸ்பெக்டர் கம்பெனியைப் பார்வையிட வருவதாகத் தகவல். ராஜசிங் இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் முடித்தார். ஒவ்வொரு மருந்து அறையிலும் நாலு பேரை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் அத்தனை பெண்களையும் லாரியில் ஏற்றி, ஆட்டம் நடக்கிற சந்தைப் பொட்டலுக்கு அனுப்பினார். காலையிலிருந்து அவர்கள் கோலுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து, சாயங்காலம் நடக்கப்போகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாளிகளில்தான் சிக்கல். கம்பெனியில் இருந்த மணல் வாளிகளையெல்லாம் போட்டிக்காக மைதானத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவற்றை அவசரமாகத் திருப்பிக் கொண்டுவந்து அறை வாசல்களில் வைத்தோம். இன்ஸ்பெக்டர் ஒரு வரிசையைப் பார்த்து முடித்ததும், பின்பக்கமாக எடுத்துப் போய் அடுத்த வரிசையில் வைத்தோம். வாளி தூக்கியதில் என் தோள்பட்டையே இறங்கிப்போனது. "எல்லா வாளியிலும் ஒரே அளவு மணல் இருக்கிறது, நல்ல ஒழுங்கு," என்று இன்ஸ்பெக்டர் பாராட்டினார். அறைக்கு நாலு பேர் வைத்து இவ்வளவு ஆர்டரை எப்படி முடிக்கிறீர்கள் என்று வியந்தார். "தொழிலாளர்களோட ஈடுபாடு சார்," என்றார் ராஜசிங். பிறகு சாப்பாடு. சாயங்காலம் அவரையே ஆட்டத்துக்குத் தலைமை விருந்தினராக அழைத்து வந்தார்கள். வாளிகள் அவருக்கு முன்னால் லாரியில் போய்ச் சேர்ந்தன.

ஆட்டம் தொடங்கியது. சீனிவாசகம் ஓடினார், கோல் போட்டார். மறுபடி ஓடினார், மறுபடி போட்டார். கோட்டைச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் நிழல் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான். மாப்பிள்ளையே ஒரு தடவை அவனருகில் நின்று, "என்னப்பா, உடம்புக்குச் சொகமில்லையா?" என்று கேட்டார். ஆள் அப்படியொன்றும் கெட்டவரல்ல. சும்மா தள்ளிக்கொண்டு போய்ப் போடுகிற கோலில் அவருக்கே ருசி விட்டுப்போயிருந்தது.

மாப்பிள்ளை வெற்றிக் கோல் போட்டதும் கொளுத்துவதற்காக, வெள்ளைத்துரை கோல் கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு நீளமான சரவெடியைத் தொங்க விட்டிருந்தார். கொலுசு மார்க், முதல் தரம். ஆட்டம் முடியச் சற்று நேரம் இருக்கையில் சீனிவாசகம் இன்னொரு கோல் போட்டார். பந்து கோட்டைத் தாண்டுவதற்குள் கம்பெனி ஆள் ஒருவர் ஆர்வத்தில் தீயை வைத்துவிட்டார். சரம் பாதி வெடித்தபோது கட்டியிருந்த சணல் எரிந்து அறுந்தது. வெடித்துக்கொண்டே கீழே விழுந்து, துள்ளிக்கொண்டு, கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் போனது. அவர்கள் மருந்து அறையிலிருந்து உடுத்திய சேலையோடு லாரியில் ஏறி வந்தவர்கள். ஒவ்வொரு சேலை மடிப்பிலும் மருந்துத் தூள். முன் வரிசையில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

கோட்டைச்சாமியின் கைகள் பிரிந்தன. அவன் ஓடினான். பெட்டிக்குள் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அவன் யாருக்கும் குரல் கொடுக்கவில்லை. வழியில் மாப்பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். தோளால் ஒரு இடி. மாப்பிள்ளை பறந்து போய்த் தண்ணீர் வாளி மேல் விழுந்து, அது கவிழ்ந்து, அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தார். கோட்டைச்சாமி எரிகிற சரத்தை வெறுங்காலால் மைதானத்துக்குள் உருட்டித் தள்ளி, மணல் வாளியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தான். சரம் மணலுக்குள் இரண்டு மூன்று தடவை முனகிவிட்டு அடங்கியது. அவன் பாதம் வெந்து கறுத்திருந்தது. பெண்களில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷத்தின் ஒரே நல்ல ஆட்டம் அதுதான். சேசுராஜ் மாஸ்டர் நீளமாக விசில் ஊதினார். அவர் கண்ணில் நீர் இருந்தது. ஆனாலும் ஊதினார்.

மேடையிலேயே விசாரணை நடந்தது. ராஜசிங் குற்றங்களை வாசித்தார்: ஓடியது, குரல் கொடுக்காமல் நுழைந்தது, பெட்டிக்குள் ஐந்தாவது ஆளாக இருந்தது, தள்ளியது, உருட்டியது. கடைசியாக, பார்வைக்கு வைத்திருந்த மணலை அனுமதியில்லாமல் பயன்படுத்தியது.

"தீப்பிடிச்சிருந்தா நான் என்ன சார் செய்யணும்?" என்று கேட்டான் கோட்டைச்சாமி. ஒரு காலை ஊன்ற முடியாமல் நின்றிருந்தான்.

"மூணு தடவ வாரேன்னு சொல்லிட்டு நடந்து போயிருக்கணும்."

ஈர நிக்கரோடு உட்கார்ந்திருந்த சீனிவாசகம் எழுந்தார். "மாமா, எனக்கு ஒண்ணும் ஆகல. அவன் இடிக்கலேன்னா சரம் துள்ளி என் கால் மேல வந்திருக்கும்."

"நீங்க உக்காருங்க மாப்ள," என்றார் வெள்ளைத்துரை. "உங்க பெருந்தன்மை எங்களுக்குத் தெரியாதா?" பிறகு சபையைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார். "அபாயம் இருந்தது என்பதைக் கழகம் மறுக்கவில்லை. ஆனால் வெடி விழுந்தது தற்செயல். இவன் ஓடியது வேண்டுமென்றே. நம் விதிகளில் வெடி என்ற சொல்லே கிடையாது, தடுப்பாட்டக்காரர் என்ற சொல்தான் இருக்கிறது. இருக்கிற சொல்லைத்தானே நாம் தண்டிக்க முடியும்?"

ஆயுள் தடை. அடுத்துப் பேசிய இன்ஸ்பெக்டர் மனம் நெகிழ்ந்துபோனார். "விளையாட்டு மைதானத்திலேயே இவ்வளவு கண்டிப்பு என்றால் தொழிற்சாலையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைக்க வேண்டியதில்லை, காலையில் பார்த்துவிட்டேன்." கோலுக்குப் பின்னாலிருந்த பெண்களைக் கைதட்டச் சொன்னார்கள். வெள்ளிக் கைகள் தட்டின. செல்லத்தாய் தட்டவில்லை என்பதை நான் பார்த்தேன்.

கால் புண் ஆறி அவன் வேலைக்கு வந்த அன்றைக்கு லோடு வரிசையில் அவன் பேர் இல்லை. ராஜசிங் அவனை மருந்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் ரசீதுக்கட்டோடு பின்னாலேயே போனேன். செல்லத்தாய் இருந்த அறைதான். மற்ற அறைகளில் ஓர் ஆளுக்கும் இடமில்லை.

கோட்டைச்சாமி வாசலில் நின்றுவிட்டான். பலகையைப் பார்த்தான், உள்ளே பார்த்தான்.

"உள்ள நாலு பேருக்கு மேல இருக்காக சார்."

"சீசன்லே. நாலு பேர வச்சுத் தீவாளிய முடிக்கவா?"

"பெட்டிக்குள்ள நாலு பேருக்கு மேல கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீக. அஞ்சாவது ஆளாப் போனேன்னுதான என்னய நிறுத்துனீக."

ராஜசிங் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். நிஜமான அன்போடுதான் தட்டினார்.

"அட கிறுக்கா, அது விளையாட்டுக்குச் சொன்னதுலே."

ராஜசிங் பொய் பேசாதவர் என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் அவர் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உண்மைதான்.

கோட்டைச்சாமியின் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. ஒரு வருஷத்துப் பழக்கம்.

"வாரேன்," என்றான்.

உள்ளே இருந்த பெண்கள் தலை நிமிர்ந்து சிரித்தார்கள்.

"வாரேன்," என்றான் மறுபடி.

"வராதீக," என்றாள் செல்லத்தாய்.

அவள் கையிலிருந்த வெடிக்குழாயைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். மற்றவர்களின் கால்களுக்கு நடுவே இடம் தேடித் தேடி எழுந்து வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"புள்ளைகளுக்கு ஒருத்தர் வேணும்," என்றாள். "நான் போறேன்."

எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவர்கள் போறேன் என்று சொல்லக் கூடாது. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் போறேன் என்றே சொல்லிவிட்டு, வெள்ளிக் கைகளோடு கம்பெனி வாசல் கேட்டைப் பார்த்து நடந்தாள். கோட்டைச்சாமி குனிந்து உள்ளே போய், அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்தான். அவன் அகலத்துக்கு அந்த இடம் போதவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் கொஞ்சம் நெருங்கிக் கொடுத்தார்கள்.

"ஒரு ஆளு வெளிய, ஒரு ஆளு உள்ள. சரியாப் போச்சு," என்று ராஜசிங் என்னிடம் சொன்னார். ஐந்தாவது ஆள் நுழைந்தால் ஊத வேண்டிய சேசுராஜ் மாஸ்டரின் விசில் அந்நேரம் கழகத்து அலமாரியில், கோப்பைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது.